படத்தின் கீழ் ஒரு பெயர்

கல்லூரிகளில் ஆண்டுதோறும் மலர் வெளியிடும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். நான் கட்டடக் கலை பயின்ற நாளில் அத்தகைய மலர் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருந்தேன். எங்கள் ஆசிரியர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட வீடுகளையும், மாணவர் விடுதியின் அறைகளையும் அடுத்தடுத்த பக்கங்களில் படங்களாக வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தோம். பிறருக்கு வீடு அமைக்கக் கற்பிப்பவர் தாம் எவ்வாறு வாழ்கிறார், அதைக் கற்பவர் எவ்வாறு வாழ்கிறார் என்று காண்பதில் ஒரு பாடம் இருக்கும் என்பது எங்கள் எண்ணம். வகுப்புத் தோழர் ஒருவர் இரவல் வாங்கிய காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வெயிலில் அலைந்து அப்படங்களை எடுத்தார். மலர் அச்சாகி வந்தது. படங்கள் நன்றாகவே விழுந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் வீட்டுக்கு உரியவரின் பெயர் இருந்தது. தெருவின் பெயரும் இருந்தது. படம் எடுத்தவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. இடம் போதவில்லை என்று அந்த ஒரு வரியை நீக்கியவன் நான்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

நான் செய்தது இன்னதென்று எனக்கு உணர்த்தியது, பல ஆண்டுகள் கழித்து நான் படித்த ஒரு வரலாறு. அது ஜெர்மனி நாட்டில் நடந்தது. அங்கும் ஒரு பள்ளி. அங்கும் ஆசிரியர்களின் வீடுகள், மாணவர்களின் அறைகள். அங்கும் ஓர் இதழ். அங்கும் படம் எடுத்தவர் ஒருவர். அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1919இல், வைமர் என்னும் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியை நிறுவினார். ஓவியம், நெசவு, தச்சு, உலோக வேலை, மட்பாண்டம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்காமல், மனிதன் வாழும் இடத்தை அமைப்பதற்கு எல்லாம் கூடி உதவ வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. அரசியல் நெருக்கடியால் வைமரில் நிலைக்க இயலாமல், 1925இல் அது டெஸ்ஸாவ் என்னும் தொழில் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகராட்சி பள்ளிக்கு நிலமும் பொருளும் அளித்தது. குரோப்பியஸ் புதிய கட்டடங்களுக்கு வரைபடம் தீட்டினார். 1926 டிசம்பர் 4ஆம் நாள் பள்ளிக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது.

பள்ளியிலிருந்து சற்றுத் தொலைவில், ஊசியிலை மரங்கள் நிறைந்த ஒரு சிறு தோப்பில், ஆசிரியர்களுக்கான வீடுகள் எழுந்தன. தலைவர் குரோப்பியஸுக்குத் தனி வீடு ஒன்று. மற்ற ஆசிரியர்களுக்கு இரட்டை வீடுகள் மூன்று. ஆக ஏழு குடும்பங்கள். லாஸ்லோ மொகொலி-நாகியும் லயோனல் பைனிங்கரும் ஓர் இரட்டை வீட்டில் இருந்தனர். ஜார்ஜ் மூகேயும் ஆஸ்கர் ஷ்லெம்மரும் அடுத்ததில் வாழ்ந்தனர். காண்டின்ஸ்கியும் பால் கிளேயும் மூன்றாவதில் குடியேறினர். ஓவிய வரலாற்றில் புகழ்பெற்ற பெயர்கள் பல ஒரே தெருவில் அண்டை வீட்டாராய் இருந்தன என்றால் வியப்பாக இல்லையா? இரட்டை வீட்டின் ஒரு பாதிக்கு வரைந்த திட்டத்தையே திருப்பி வைத்து மறுபாதியை அமைத்தார் குரோப்பியஸ். ஒரே அச்சில் வார்த்த உறுப்புகளைக் கொண்டு வேறுபட்ட வீடுகளைக் கட்டலாம் என்பதை அவர் அவ்வாறு மெய்ப்பித்துக் காட்டினார்.

மாணவர்களுக்கோ, பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே ஐந்து அடுக்கு விடுதி அமைந்தது. பிரெல்லர்ஹவுஸ் என்று அதனை அழைத்தனர். அதில் 28 அறைகள். ஒவ்வோர் அறையும் உறங்கும் இடமாகவும் வேலை செய்யும் கூடமாகவும் பயன்பட்டது. முகப்பில் சிறு சிறு மேல்மாடங்கள் நீட்டிக்கொண்டு நின்றன.

இவ்வீடுகள் வெறும் குடியிருப்புகள் அல்ல என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பள்ளி எதைப் போதித்ததோ அதன் சான்றாகவே அவை கட்டப்பட்டன. அகன்ற சாளரம், தட்டையான கூரை, சுவரோடு இணைந்த அலமாரி, எஃகுக் குழாயால் ஆன நாற்காலி என்று எல்லாம் உலகத்தார் பார்ப்பதற்காகவே வைக்கப்பட்டன எனலாம். ஆயினும் உலகத்தார் அனைவரும் டெஸ்ஸாவுக்கு வர இயலுமா? இயலாது. அங்கே தான் புகைப்படத்தின் வேலை தொடங்குகிறது.

பள்ளி திறந்த அன்றே அதன் பெயரால் ஓர் இதழும் வெளிவந்தது. அது 1931 வரை நடைபெற்றது. 1930இல் பொதுவுடைமைக் கருத்துடைய மாணவர்கள் தமக்கெனத் தனி ஏடு ஒன்று தொடங்கி, அதற்கு ‘மாணவர் குரல்’ என்று பொருள்படும் துணைப்பெயரும் சூட்டினர். இவை தவிரப் பள்ளி வெளியிட்ட நூல்வரிசையும் இருந்தது. இத்தனை வெளியீடுகள் கொண்ட பள்ளிக்குப் படங்கள் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனினும் 1929 வரை அங்கே புகைப்படக் கலைக்கு ஒரு வகுப்புக்கூட இல்லை. 1925, 1926ஆம் ஆண்டுகளில் அக்கட்டடங்களையும் வீடுகளையும் படம் பிடித்தவர் பள்ளியின் ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர், ஊதியம் பெற்ற பணியாளரும் அல்லர். அவர் ஓர் ஆசிரியரின் மனைவி. பெயர் லூசியா மொகொலி.

லூசியா 1894இல் பிராக் நகரில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கலை வரலாறும் பயின்றார். பின்னர் ஜெர்மனியில் பதிப்பகங்களில் நூல்களைச் செப்பனிடும் பணி செய்தார். 1921இல் லாஸ்லோ மொகொலி-நாகியை மணந்தார். 1923இல் கணவர் பௌஹவுஸில் ஆசிரியரானபோது, லூசியா வைமர் நகரின் புகைப்பட நிலையம் ஒன்றில் தொழில் கற்கச் சேர்ந்தார். பிறகு லைப்சிக் நகரிலும் பயின்றார். டெஸ்ஸாவில் தம் வீட்டிலேயே இருட்டறை அமைத்துக்கொண்டார். கணவர் பெயரால் வெளிவந்த ஆய்வுகளிலும் நூல்களிலும் லூசியாவின் உழைப்பும் எழுத்தும் கலந்திருந்தன. இதனை அவரே 1972இல் வெளியிட்ட நூல் ஒன்றில் விளக்கியிருக்கிறார்.

அக்காலத்தில் ஒரு கட்டடத்தைப் படம் எடுப்பது இன்று போல் நொடிப்பொழுதுச் செயல் அன்று. மரத்தாலான பெரிய காமிரா. அதனைத் தாங்க முக்காலி. 18 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர் அளவு வரையிலான கண்ணாடித் தகடுகள். தகடு ஒன்றைச் செருகி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் காட்சியைத் தலைகீழாகப் பார்த்து, வெளிச்சம் அமையும் வரை காத்திருந்து படம் எடுக்க வேண்டும். உயர்ந்த கட்டடத்தைப் பார்த்துக் காமிராவை அண்ணாந்து நிறுத்தினால், சுவர்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது போல் படத்தில் விழும். அதைத் தவிர்க்க, காமிராவை நிமிர்ந்த நிலையிலேயே வைத்து, கண்ணாடிவில்லையை மட்டும் மேலே நகர்த்தும் வசதி அக்காமிராக்களில் இருந்தது. லூசியாவின் படங்களில் சுவர்கள் நேராக நிற்கின்றன. விளிம்புகள் கத்திமுனை போல் தெளிவாக இருக்கின்றன. குரோப்பியஸ் வீட்டின் அறைகளையும் அறைகலன்களையும் அவர் அதே கவனத்தோடு எடுத்தார். வீட்டுக்காரர் பெரும்பாலும் படத்தில் இல்லை. வீடே பேச வேண்டும் என்பது நோக்கம்.

லூசியாவின் வீட்டுச் சுவருக்கு அப்பால், அதே இரட்டை வீட்டின் மறுபாதியில், பைனிங்கர் குடும்பம் இருந்தது. அவ்வீட்டு இளைய மகன் லக்ஸ் பைனிங்கர், 16 வயதில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அவர் கையிலும் ஒரு காமிரா இருந்தது. அவர் படங்களில் சுவர்கள் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றன. பிரெல்லர்ஹவுஸின் முன் மாணவர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், இசைக்குழுவினர் கருவிகளோடு நிற்கிறார்கள். லூசியா கட்டடத்தை எடுத்தார்; லக்ஸ் அதில் குடியிருந்த வாழ்க்கையை எடுத்தார். வரலாறு படிப்பவனுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் அவ்வீடுகளில் மனிதரே இல்லையோ என்று தோன்றும். மற்றதை மட்டும் பார்த்தால் பள்ளியில் பாடமே நடக்கவில்லையோ என்று தோன்றும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் பொய் சொல்லாவிட்டாலும், முழு மெய்யையும் சொல்வதில்லை. லூசியாவின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்த பல தலைமுறையினர், ஆசிரியர் வீடுகள் உள்ளும் புறமும் வெள்ளையாகவே இருந்தன என்று எண்ணிவிட்டனர். பிற்காலத்தில் அவ்வீடுகளைப் பழுதுபார்த்தபோது, சுவர்ப்பூச்சின் அடுக்குகளைச் சுரண்டிப் பார்த்தவர்கள் எத்தனையோ வண்ணங்களைக் கண்டனர். காண்டின்ஸ்கியின் வீட்டில் உணவறைச் சுவர் ஒன்று கறுப்பு. கூடத்து மாடம் ஒன்றில் தங்கத்தகடு ஒட்டப்பட்டிருந்தது. படத்தை ஆவணமாகக் கொள்ளும்போது, அது எதைக் காட்ட வல்லது, எதைக் காட்ட மாட்டாது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு வேண்டும்.

இனி, கதையின் வருத்தமான பகுதிக்கு வருகிறேன். 1928இல் குரோப்பியஸ் பதவி விலகினார். மொகொலி-நாகி தம்பதியரும் டெஸ்ஸாவை விட்டுப் பெர்லினுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டு கணவனும் மனைவியும் பிரிந்தனர். 1932இல் நாஜிக் கட்சியினர் வலுப்பெற்ற நகர மன்றம் டெஸ்ஸாவ் பள்ளியை மூடிற்று. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், லூசியாவோடு வாழ்ந்துவந்த தியோடர் நாய்பவுவர் என்னும் பொதுவுடைமைக் கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், லூசியாவின் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். லூசியா யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இனி அங்கே இருப்பது உயிருக்கு ஆபத்து. அவர் கையில் கிடைத்ததோடு நாட்டைவிட்டு வெளியேறினார். பிராக், வியன்னா, பாரிஸ் வழியாக 1934இல் லண்டனை அடைந்தார். நாய்பவுவர் 1945இல் கொல்லப்பட்டார்.

ஓடிப்போகிறவர் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து செல்ல முடியுமா? நூற்றுக்கணக்கான அத்தகடுகள் பெர்லினிலேயே தங்கிவிட்டன. அவை மொகொலி-நாகியின் வழியாகக் குரோப்பியஸின் பொறுப்பில் சேர்ந்தன. குரோப்பியஸும் 1934இல் இங்கிலாந்துக்கும், 1937இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். அவருடைய வீட்டுப் பொருள்களோடு லூசியாவின் தகடுகளும் கடல் கடந்தன. அந்தச் செய்தி லூசியாவுக்குத் தெரியாது.

தகட்டின் அருமையை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ஒளி பட்ட இடம் கறுத்தும், நிழல் பட்ட இடம் வெளுத்தும் தோன்றும் மூலத்தகடு அது, நெகட்டிவ் என்பார்கள். அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். படி தொலைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலம் கையில் இல்லாத புகைப்படக்காரர், நிலப்பத்திரம் கையில் இல்லாத உழவரைப் போன்றவர். நிலம் அவருடையதே, ஆயினும் அதைக் காட்டிப் பிழைக்க வழியில்லை.

1938இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலை, பௌஹவுஸைப் பற்றிப் பெரியதொரு கண்காட்சி நடத்தி நூலும் வெளியிட்டது. அமெரிக்காவில் அப்பள்ளியின் புகழ் பரவ இது பெரிதும் காரணமாயிற்று. அந்நூலில் லூசியா எடுத்த படங்கள் ஏறக்குறைய 50 இடம்பெற்றன. அவர் பெயர் இடம்பெறவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு, லண்டனில் வாழ்ந்த லூசியா, புகைப்படக் கலையின் நூறாண்டு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி, மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். கலையின் வரலாற்றை எழுதியவர் அவர். அவ்வரலாற்றில் அவருக்குரிய இடம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பெயரின்றிக் கிடந்தது.

போர்க்காலத்தில் லண்டனில் அவர் நுண்படச் சுருளில் நூல்களைப் பதிவு செய்யும் நிலையம் ஒன்றை நடத்தினார். பிறருடைய ஏடுகள் அழியாமல் காப்பதே அவர் தொழிலாயிற்று. தம்முடைய தகடுகளோ போரில் நொறுங்கிப் போயிருக்கும் என்று எண்ணியிருந்தார். ஆனால், போருக்குப் பின் வெளிவந்த நூல்களிலும் ஏடுகளிலும் தம் படங்களைத் தெளிவான அச்சில் மீண்டும் மீண்டும் கண்டார். மூலத்தகடு இல்லாமல் இவ்வளவு தெளிவு எங்கிருந்து வரும்? அவர் விசாரித்தார். 1954இல் குரோப்பியஸுக்குக் கடிதம் எழுதியபோது, தகடுகள் தம்மிடம் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். அவை லூசியாவே தமக்குக் கொடுத்தவை என்றும், தம் பணிக்கு மிகவும் பயன்படுகின்றன என்றும் அவர் வாதிட்டார். கடிதங்கள் நீண்டன, வழக்கறிஞர் நுழைந்தார். 1957இல்தான் தகடுகளில் ஒரு பகுதி லூசியாவிடம் திரும்பி வந்தது. அவர் கணக்கின்படி மொத்தம் 560 தகடுகள், திரும்பியவை 230, மற்ற 330 தகடுகள் காணாமற் போயின.

குரோப்பியஸின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். அத்தகடுகள் பெர்லினில் கிடந்திருந்தால் குண்டுவீச்சில் அழிந்திருக்கக் கூடும். அவர் பெட்டியில் ஏறியதால் பிழைத்தன. அவரும் புலம்பெயர்ந்தவர், புதிய நாட்டில் தம் பள்ளியின் கொள்கையை நிலைநாட்ட அவருக்குச் சான்று தேவைப்பட்டது. இவை எல்லாம் உண்மை. ஆயினும் காப்பாற்றியது நன்றிக்கு உரியதே தவிர, உரிமையைத் தராது. படத்தின் கீழ் ‘லூசியா மொகொலி’ என்று அச்சிட ஓர் அங்குல இடம் போதும். அந்த இடம் இருபது ஆண்டுகளாகக் கிடைக்கவில்லை. கட்டடம் குரோப்பியஸுடையது, ஆகவே படமும் அவருடையது என்பது போல் எல்லாரும் நடந்துகொண்டனர். பார்த்த கண் ஒருவருடையது என்பதை மறந்தனர்.

அவ்வீடுகள் என்ன ஆயின? 1945 மார்ச் 7ஆம் நாள் டெஸ்ஸாவ் மீது நடந்த விமானத் தாக்குதலில், குரோப்பியஸ் வாழ்ந்த தலைவர் வீடும், மொகொலி-நாகி தம்பதியர் வாழ்ந்த பாதி வீடும் இடிந்து போயின. லூசியா படங்களைக் கழுவிய இருட்டறை இருந்த வீடு அதுதான். மற்ற வீடுகள் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டன. 1996இல் பள்ளியும் வீடுகளும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அழிந்த இரண்டு வீடுகளின் இடத்தில் 2014இல் புதிய கட்டடங்கள் எழுந்தன. பழையதை அப்படியே திருப்பிக் கட்டாமல், மங்கிய நினைவு போல வடிவத்தை மட்டும் காங்கிரீட்டில் அமைத்தனர். அந்த இரண்டு வீடுகளும் உள்ளே எவ்வாறு இருந்தன என்று அறிய விரும்புவோர், இன்று லூசியாவின் படங்களையே நாடுகின்றனர். அவருக்குத் திரும்பிக் கிடைத்த தகடுகள் பெர்லினில் உள்ள பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1959இல் சுவிட்சர்லாந்தில் குடியேறிய லூசியா, 1989இல் தம் 95ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

மாணவ நண்பர்களே, பெயர் போடுவது வெறும் மரியாதை என்று நான் முன்பு நினைத்திருந்தேன். அது ஆவணத்தின் ஒரு பகுதி என்பதை இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் இறுதியில் தம் பெயரையும் நாளையும் எழுதி வைத்தார் என்றால், ஆராய்ச்சியாளனுக்கு அந்த இரண்டு வரிகள் எவ்வளவு துணை செய்கின்றன! யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று தெரிந்தால்தான், மூலம் எங்கே இருக்கும் என்று தேட முடியும். எடுத்தவர் வேறு எதை எடுத்தார் என்று கேட்க முடியும். அவர் நோக்கம் யாது என்று ஆராய முடியும்.

எங்கள் மலரில் வந்த வீடு ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. அவ்வீட்டைப் பற்றி ஆய்வு செய்த மாணவி ஒருத்தி, பழைய மலரை நூலகத்தில் கண்டு என்னிடம் வந்தாள். “ஐயா, இந்தப் படத்தை எடுத்தவர் யார்? வீட்டின் பின்கட்டையும் அவர் எடுத்திருப்பாரா?” என்று கேட்டாள். எடுத்திருந்தார், நான் பார்த்திருக்கிறேன். அச்சில் இடம் பெறாத படங்கள் பத்துக்கு மேல் இருந்தன. நாங்கள் நண்பரின் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தகரப் பெட்டி ஒன்றில் பழைய பிலிம் சுருள்கள் இருந்ததாகவும், வீடு மாற்றியபோது அவை என்னவென்று அறியாமல் கழித்துவிட்டதாகவும் அவர் மகன் சொன்னார். மலரில் அவர் பெயர் இருந்திருந்தால், அம்மாணவிக்கு முன்பே யாரேனும் ஒருவர் அவர் வாசலுக்கு வந்திருப்பார். அப்பெட்டிக்கும் ஒரு மதிப்பு ஏற்பட்டிருக்கும்.

அம்மாணவி தன் ஆய்வேட்டில் அப்படத்தின் கீழ் என் நண்பரின் பெயரை எழுதினாள். அச்சிட்ட மலரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்த வரி அது. உங்கள் கல்லூரி மலருக்கு நாளை நீங்களும் படம் எடுப்பீர்கள். அல்லது பிறர் எடுத்ததை அச்சுக்குக் கொடுப்பீர்கள். இடம் போதவில்லை என்று அச்சகத்தார் சொன்னால், என் கட்டுரையில் ஒரு வரியைக் குறையுங்கள் என்று சொல்லுங்கள்.